எண்ணிப் பாருங்கள்: குளிர்காலப் பறவைகளும் எமது உடல்நலமும்

“வெளியிலை கால் வைக்க ஏலாது டொக்டர், ஒரே ஸ்நோ.” நவம்பர் கடைசி தொடங்கி ஏப்ரல் வரை, ரொறன்ரோவில் தமிழ் நோயாளர்களைப் பார்க்கும் எங்களைப் போன்ற குடும்ப வைத்தியர்கள் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். நடவுங்கள் என்று சொல்கிறோம்; தலையாட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது இரத்தத்தில் சீனி ஏறியிருக்கும், எடை கூடியிருக்கும், முழங்கால் இன்னும் இறுகியிருக்கும். கோடையில் கட்டுப்பாட்டில் இருந்த நீரிழிவு குளிர்காலத்தில் கையை மீறிப்போவதை நாங்கள் வருடாவருடம் காண்கிறோம்.

இது சின்ன விடயம் அல்ல. தென்னாசியாவில் இருந்து அண்மையில் ஒன்ராறியோவுக்குக் குடியேறியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்காவில் இருந்து வந்து குடியேறியவர்களை விட மூன்று மடங்குக்கும் மேல் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கிழமைக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும் என்பது கனடிய வழிகாட்டல். அந்த வழிகாட்டல் குளிர்காலத்துக்கு விடுமுறை கொடுக்கவில்லை. நாம்தான் கொடுத்திருக்கிறோம்.

ஏன் நடக்கிறோம் இல்லை? சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயம் அல்ல. ஊரில் எமது பெற்றோர் யாரும் உடல்நலத்துக்காக நடக்கவில்லை. சந்தைக்கு, கோயிலுக்கு, தோட்டத்துக்கு, செத்த வீட்டுக்கு, கலியாண வீட்டுக்கு நடந்தார்கள். காரியம் காலை இழுத்துக்கொண்டு போனது. இங்கே காரியங்கள் எல்லாம் காரில் முடிகின்றன. காரியம் இல்லாத நடை, அதுவும் பனியில், எவருக்கும் கசக்கும். ஆகவே எம்மவருக்குத் தேவைப்படுவது இன்னொரு புத்திமதி அல்ல. குளிர்காலத்தில் வெளியே போவதற்கு ஒரு காரியம்.

இங்கே நாம் சொல்லப்போகும் காரியம் சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். எமது வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் உள்ள பறவைகளை எண்ணுவோம்.

எண்ணுவது என்பது என்ன?

வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் நத்தார் நாளன்று இரண்டு அணிகளாகப் பிரிந்து போய், கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவித்து, எந்த அணி அதிகம் கொன்றது என்று போட்டி போடும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டு பிராங்க் சப்மன் என்ற பறவை அறிஞர், சுடுவதை விட்டுவிட்டு எண்ணினால் என்ன என்று கேட்டார். அந்த டிசம்பர் 25ஆம் திகதி 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணினார்கள். அந்த இடங்களில் ரொறன்ரோவும் ஒன்று. நாம் வாழும் நகரம் முதல் நாளிலேயே அதில் இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையான நாட்களுக்குள் ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, 24 கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் தொண்டர்கள் குழுக்களாகப் பிரிந்து எண்ணுகிறார்கள். கனடாவில் ‘பேர்ட்ஸ் கனடா’ அமைப்பு இதை ஒழுங்குபடுத்துகிறது. அனுபவம் இல்லாதவரை அனுபவம் உள்ளவரோடு சேர்த்து அனுப்புவார்கள். வீட்டு யன்னலால் பார்த்து எண்ணும் இன்னொரு திட்டமும் உண்டு. 1976இல் எமது ஒன்ராறியோவில் தொடங்கி, பின்னர் வட அமெரிக்கா முழுவதும் பரவிய அது ‘புரொஜெக்ற் ஃபீடர்வோச்’ என்று அழைக்கப்படுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடக்கும்.

இந்தக் கணக்குகளால் என்ன பயன் என்று கேட்கலாம். 1970இல் இருந்து கனடாவும் அமெரிக்காவும் ஏறத்தாழ 300 கோடி பறவைகளை, அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றை, இழந்துவிட்டன என்று 2019இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு உலகத்துக்குச் சொன்னது. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவற்றில் பெரும் பகுதி சம்பளம் வாங்காத சாதாரண மக்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்த எண்ணிக்கைகள். யாரும் எண்ணியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. எண்ணப்படாதவை எளிதில் மறக்கப்படும் என்பதை எமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனிக்குள் யார் இருக்கிறார்கள்?

“குளிருக்கு எல்லாப் பறவையும் பறந்துபோயிருக்குமே” என்று கேட்பவர்கள் உண்டு. போனவை பல. ஆனால் இருப்பவையும் வருபவையும் நிறைய.

முதலில் சிக்கடி. கறுப்புத் தொப்பியும் கறுப்புத் தொண்டையும் வெள்ளைக் கன்னமும் கொண்ட சின்னக் குருவி. தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடும். எடை ஏறக்குறைய 11 கிராம்தான். இந்த உடம்போடு அது மறை இருபது பாகைக் குளிரில் இரவைக் கழிக்கிறது. எப்படி? இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்குக் குறைத்துச் சக்தியைச் சேமிக்கிறது. பகலில், இலையுதிர்காலத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்த விதைகளை நினைவு வைத்துத் தேடி எடுக்கிறது. ஆபத்து வந்தால் ‘டீ, டீ, டீ’ என்ற முடிவைக் கூடுதல் தடவை சொல்லும். ஆபத்துப் பெரிதென்றால் ‘டீ’க்களும் அதிகம்.

அடுத்தது கார்டினல். ஆண் குங்குமச் சிவப்பு, பெண் பழுப்பு. வெள்ளைப் பனியில் அதைப் பிழையாக அடையாளம் காண முடியாது. நீலமும் வெள்ளையும் கலந்த புளூ ஜே, மரத்தைத் தட்டும் சின்ன மரங்கொத்தி, வடக்கில் இருந்து குளிர்காலத்துக்கு மட்டும் இறங்கிவரும் சாம்பல் நிற ஜுங்கோ, மரக்கொப்பில் சோடியாக இருக்கும் புறா. இந்த ஆறையும் தெரிந்துகொண்டால் ஸ்காபரோவில் ஒரு சாதாரணப் பின்வளவில் குளிர்காலத்தில் காணக்கூடியவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

ஏரிக்கரைக்குப் போனால் காட்சி மாறும். புளஃபர்ஸ் பார்க்கில் குளிர்கால ஒன்ராறியோ ஏரியில் நீளவால் வாத்துகள் மிதக்கும். அவை ஆர்ட்டிக் தரையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தப்பி இங்கே வந்தவை. நாம் உறைந்துபோகிறோம் என்று முறையிடும் ரொறன்ரோதான் அவற்றுக்கு வெப்பமான தெற்கு!

அங்கேயே அன்னங்களையும் காணலாம். எம்மில் பலர் கதையிலும் கோயில் சிற்பத்திலும் மட்டும் கண்ட அன்னம். ட்ரம்பெற்றர் என்ற இந்தப் பெரிய வெள்ளை அன்னத்தை வேட்டையாடியே முடித்துவிட்டார்கள். ஒன்ராறியோவில் கடைசியாக இருந்த ஒன்று 1886இல் லோங் பொயின்ற்றில் சுடப்பட்டது. ஏறத்தாழ நூறு வருடத்துக்குப் பின், 1982இல், ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் அவற்றை மீண்டும் வளர்த்து விடும் வேலையைத் தொடங்கினார். தொண்டர்கள் பலவற்றின் சிறகில் மஞ்சள் நிற இலக்கத் துண்டு பொருத்தி, ஒவ்வொரு குளிர்காலமும் எண்ணினார்கள். இன்று மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அன்னங்கள் தாமாகவே பெருகி வாழ்கின்றன. பேரப்பிள்ளைக்கு அன்னத்தைக் காட்டி இந்தக் கதையையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஊரில் ‘அடைக்கலக் குருவி’ என்று நாம் சொல்லும் சிட்டுக்குருவியும் இங்கே இருக்கிறது. பலசரக்குக் கடை வாசலில், பஸ் தரிப்பிடத்தில் பாருங்கள். அதுவும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. 1850களில் கடல் கடந்து நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டுப் பரவியது. அடைக்கலம் தேடி வந்த எம்மோடு அடைக்கலக் குருவியும் கனடாவில் குளிர் காய்கிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது?

இங்கே நாம் அளந்துதான் பேச வேண்டும். பறவை பார்த்தால் சீனி வியாதி மாறும் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். மருந்தை நிறுத்திவிட்டுப் பைனாகுலரைத் தூக்கச் சொல்லவும் மாட்டோம். ஆனால் கவனிக்க வேண்டிய ஆய்வுகள் உண்டு.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018 முதல் 2021 வரை 1,292 பேரிடம் கைத்தொலைபேசி மூலம் நாளில் பல தடவை, இப்போது பறவையைக் காண்கிறீர்களா, கேட்கிறீர்களா, மனநிலை எப்படி என்று கேட்டார்கள். கண்ட, கேட்ட வேளைகளில் மனநிலை நன்றாக இருந்தது. அந்த நன்மை சில மணித்தியாலங்களுக்கு நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இதே போக்குத்தான். கிழமைக்கு இரண்டு மணித்தியாலமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தமது உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள் என்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்துச் செய்த 2019ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. இவை தொடர்பைக் காட்டுகின்றன; இதனால்தான் அது என்று முற்றாக நிரூபிக்கவில்லை. ஆனாலும் செலவில்லாத, பக்கவிளைவு குறைந்த ஒன்றைப் பரிந்துரைக்க இது போதும். கனடாவில் 2020 முதல் ‘பார்க்ஸ் பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற திட்டத்தின் கீழ் வைத்தியர்கள் இயற்கையில் நேரம் கழிப்பதையே மருந்துச்சீட்டாக எழுதிக்கொடுக்கிறார்கள்.

வெளிச்சமும் முக்கியம். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான். வானம் மூடிய நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைப் போலப் பல மடங்கு. காலை வெளிச்சம் கண்ணில் படுவது இரவுத் தூக்கத்தைச் சீராக்கும். குளிர்கால மனச்சோர்வுக்கும் உதவும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: குளிர்கால வெயில் விற்றமின் டி தராது. இந்த அகலக்கோட்டில் ஏறக்குறைய நவம்பரில் இருந்து பெப்ரவரி கடைசி வரை சூரியக் கதிர் அதற்குப் போதாது. எமது நிறத் தோலுக்கு இன்னும் போதாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உணவோடு நாளுக்கு 400 அலகு விற்றமின் டி மாத்திரையும் எடுக்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. குருவி பார்த்தாலும் மாத்திரை மாத்திரைதான்.

எமக்கு ஏன் இது வேண்டும்?

“இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்கு எதற்கு?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியோடு நாம் உடன்படவில்லை. ஊரில் புலுனி எது, செண்பகம் எது, கூகை எது என்று குரலை வைத்தே சொன்னவர்கள் எமது அம்மம்மாக்கள். அதற்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. அவர்களே இங்கே வந்து பத்து வருடமாகியும் யன்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு குருவியின் பெயர் தெரியாமல் இருக்கிறார்கள். ஓர் இடத்தின் பறவை, மரம், காற்று எதுவும் தெரியாதவரை அந்த இடத்தில் மனிதர் விருந்தாளிதான்.

எமது மூத்தவர்களின் குளிர்காலத்தை நேராகப் பேசுவோம். பிள்ளைகள் காலை வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். மாலை ஐந்து மணிக்கு இருட்டும் வரை ஒரு கதிரை, ஒரு தொலைக்காட்சி, ஊர்ச் செய்தி. கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் மட்டு. அவர்கள் எங்களிடம் வந்து சொல்வது தலையிடி, நெஞ்செரிவு, நித்திரையின்மை. தனிமை என்று சொல்வதில்லை. நாங்கள் கேட்டால் “பிள்ளைகள் நல்லாத்தான் பாக்கினம்” என்று முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். பார்த்துக்கொள்ளப்படுவது வேறு, தேவைப்படுவது வேறு. பத்து மணிக்கு யன்னலடியில் இருந்து எத்தனை சிக்கடி, எத்தனை ஜுங்கோ என்று எழுதிவைக்கும் ஒருவர் அந்த வீட்டில் ஒரு வேலை செய்கிறார். பின்னேரம் பேத்தி வந்து அதைக் கணினியில் பதியும்போது, அந்த எண் ஒரு நாட்டின் அறிவுக் களஞ்சியத்தில் சேர்கிறது. அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. பேத்திக்குப் பறவையின் ஆங்கிலப் பெயர் தெரியும், அம்மம்மாவுக்குக் கவனிக்கும் கண் உண்டு. இருவருக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அகதிகளாக வந்த எம்மில் பலருக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பது நெடுங்காலம் பயத்தின் பழக்கமாக இருந்தது. ஹெலிகொப்ரர் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நாம். எண்ணிக்கை என்ற சொல்லும் அப்படித்தான். முகாம்களிலும் நிவாரண வரிசைகளிலும் குடிவரவு அலுவலகங்களிலும் எம்மை நிற்க வைத்து மற்றவர்கள் எண்ணினார்கள். இப்போது நாம் நின்று, பயமின்றி மேலே பார்த்து, வேறோர் உயிரை எண்ணி எழுதுகிறோம். போரின் காயத்துக்கு இது சிகிச்சை என்று சொல்ல மாட்டோம். அதற்கு முறையான உதவி உண்டு, வெட்கப்படாமல் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் பயத்துக்குப் பழகிய கண்ணும் காதும் வேறொன்றுக்கும் பழகலாம் என்பதை நாங்கள் நம்புகிறோம்.

குளிர்காலப் பறவைக் கணக்கு ஊருக்கும் அந்நியம் அல்ல. 1987இல் இருந்து ஆசிய நாடுகள் பலவற்றில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இலங்கையும் அதில் ஒன்று. 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலைக்கு வடக்கே இருந்து ஊசிவால் வாத்துகள் பெருங்கூட்டமாக வந்து இறங்கும். அதே இன வாத்தைக் குளிர்கால ரொறன்ரோ ஏரிக்கரையிலும் சில வேளை காணலாம்.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

விழாமல் இருப்பதே முதல் மருத்துவம். பனிக்கட்டியில் வழுக்காத அடியுள்ள சப்பாத்து வாங்குங்கள். விலை கூடியதெல்லாம் வழுக்காது என்று நம்ப வேண்டாம். ரொறன்ரோ புனர்வாழ்வு ஆய்வு நிலையம் சாய்வான பனித்தளத்தில் சப்பாத்துகளைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டபோது பெரும்பாலானவை தேறவில்லை. சப்பாத்தின் மேல் மாட்டும் முள்ளு வளையம் நல்ல துணை. இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர் விழுந்து தலை அடிபட்டால், நோ இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் சீனிக் குளிசையோ பழச்சாறோ பையில் வைத்திருங்கள். இன்சுலினை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். உறைந்தால் அது பயன்படாது. காலில் உணர்வு குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் மேசையும் சப்பாத்தும் கழற்றி விரல்களைப் பாருங்கள். நெஞ்சு நோ, ஆஸ்த்மா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். இறுக்கம் வந்தால் உடனே உள்ளே வாருங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் மறை 28க்குக் கீழே போனால் திறந்த தோல் அரை மணித்தியாலத்துக்குள் உறையலாம். அன்றைக்கு யன்னலடியில் இருந்து எண்ணுவோம்.

செத்த, நோயுற்ற பறவையைக் கையால் தொட வேண்டாம். பறவைக் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. காகத்துக்குச் சோறு வைக்கும் எமது வழக்கத்தையும் இங்கே யோசிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோவில் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு போடுவதற்குத் தடை உண்டு. பாடும் பறவைகளுக்குத் தானியக்கூடு தொங்கவிடலாம். ஆனால் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நிலத்தில் கொட்டிய சோற்றுக்குக் காகத்துக்கு முன் எலி வரும்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை

பெப்ரவரி நடுப்பகுதியில், வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள், உலகெங்கும் ‘கிரேற் பாக்யார்ட் பேர்ட் கவுன்ற்’ என்ற இலவசக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, நிச்சயமாகத் தெரிந்த பறவைகளை மட்டும் எண்ணிப் பதிந்தால் போதும். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். அந்தத் திங்கட்கிழமைதான் ஒன்ராறியோவின் குடும்ப நாள் விடுமுறை. வருடாவருடம் அந்த விடுமுறையை மண்டபத்துக்குள் சாப்பாட்டோடு கழிக்கிறோம். வரும் குடும்ப நாளில் எமது சங்கம் காலை ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். மில்லிக்கன் பூங்காவில் ஒரு குழு, புளஃபர்ஸ் பார்க்கில் ஒரு குழு, வெளியே வர முடியாத மூத்தவர்கள் வீட்டு யன்னலடியில். மூன்று குடும்பத்துக்கு ஒரு பைனாகுலர் போதும். போத்தலில் தேத்தண்ணி கொண்டுவாருங்கள். சீனியைக் கொஞ்சம் குறைத்து. வயதானவர்களை ஏற்றி இறக்க கார் உள்ள இளையவர்கள் முன்வர வேண்டும். பெயர் கொடுப்பவர்களின் பட்டியலைச் சங்கச் செயலாளர் ஜனவரி முடிவதற்குள் தயாரித்தால், எந்தக் குழுவிலும் நடக்கக் கடினப்படுபவர்களோடு கூடப் போக வைத்தியர்களான நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாளைக் காலை யன்னல் திரையை விலக்கி, ஒரு கொப்பியில் திகதி போட்டு, காண்பதை எழுதத் தொடங்குங்கள். ஒன்றும் காணாவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள். கணக்கெடுப்பில் பூச்சியமும் ஓர் எண்தான்.